முத்திரைத்தாளில் எழுதினாலும் பந்தயம் பந்தயம்தான்

போன வாரம் பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார் (ஊரையும் தொகையையும் மாற்றியிருக்கிறேன்). பாலிதீன் கவரைப் பிரித்து 20 ரூபாய் முத்திரைத்தாளை மேசைமேல் வைத்தார். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் இரண்டாம் இடமாவது வருவார் என்று இவரும், வரவே மாட்டார் என்று மச்சான் முறையுள்ள இன்னொருவரும் கட்டிய பந்தயம். ஒரு லட்சம். சாட்சிக் கையெழுத்து இரண்டு.

"வக்கீலம்மா, எல்லாம் பக்காவா எழுதிட்டோம். கேஸ் போட்டு வாங்கிக் கொடுங்க."

பலாப்பழச் சின்னத்தில் நின்றவர் இரண்டாம் இடம் வந்தது உண்மை. ஆனால் மச்சான், "எந்தப் பன்னீர்செல்வம்னு தாள்ல போடலையே" என்கிறாராம். அதே பெயரில் இன்னும் சிலர் அந்தத் தேர்தலில் நின்றது ஊருக்கே தெரியும். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. இந்த வருடம் என் மேசைக்கு வந்த நான்காவது தாள் இது.

திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்னொரு தடவையும் சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பந்தயப் பணத்துக்கும் இதே கதிதான் என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. முத்திரைத்தாளில் எழுதினால்? செல்லாது. நோட்டரி கையெழுத்து? செல்லாது. ஊர்த் தலைவர் முன்னால் எழுதினது? அவர் முன்னாலும் செல்லாது. முத்திரைத்தாள் வாங்கினால் அரசுக்குத் தீர்வை கட்டினீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். உள்ளே எழுதிய சங்கதிக்கு அரசு ஜாமீன் நிற்கவில்லை. குதிரைப் பந்தயப் பரிசு 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அந்தப் பிரிவில் சின்ன விலக்கு உண்டு. ராமேஸ்வரத்துக் குதிரை வண்டிக்கு அது பொருந்தாது.

"லண்டன்ல என் கூட்டாளி கடையிலேயே போய் எலெக்சன் பெட் கட்டுறானே மேடம்" என்று கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டார். அங்கே கட்டலாம். 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபிறகு ஜெயித்த பணத்துக்கு அந்த ஊரில் வழக்கே போடலாம். அந்த ஊர்லேயே 2024இல் தேர்தல் தேதி அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்னால், பிரதமருக்கு உதவியாளராக இருந்த எம்.பி. ஒருவர் ஜூலையில் தேர்தல் வரும் என்று 100 பவுண்ட் கட்டி விசாரணையில் மாட்டினார். உள்விவரம் தெரிந்தவரும் நீங்களும் ஒரே கடையில்தான் கட்டுகிறீர்கள். இங்கேயோ 2022ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி ஆன்லைனில் சூதாடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை. வெளிநாட்டு ஆப் பணத்தை அமுக்கிக்கொண்டால் எந்த ஸ்டேஷனில் போய், என்னவென்று எழுதிக் கொடுப்பீர்கள்?

நம் கடற்கரைக்கு இதில் தனியாக ஒரு கெட்ட நேரம் இருக்கிறது. 2016, 2019, 2021, 2024 என நான்கு தேர்தல் முடிவுகளும் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். விசைப்படகு கரையில், மராமத்து பாதியில், ஆட்கள் டீக்கடையில். 2016 தவிர மற்ற மூன்றிலும் வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் வாரக்கணக்கில் இடைவெளி, வேறு வேலையும் இல்லை. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த கையோடு பேச்சு பந்தயத்துக்குப் போய்விடுகிறது.

தோற்றவரிடம் ரொக்கம் இருக்காது. கடையில் விற்கும் அச்சடித்த புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். வினை இங்கேதான். அந்த நோட்டில் பந்தயம் என்ற வார்த்தையே இருக்காது. "என் குடும்பச் செலவுக்காக ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்றுதான் இருக்கும். கையெழுத்தை ஒப்புக்கொண்டால் பணம் கைமாறியது என்றே கோர்ட் முதலில் அனுமானிக்கும். இல்லை, இது பந்தயத் தோல்வி என்று நிரூபிப்பது உங்கள் தலைச்சுமை. டீக்கடையில் கைதட்டிய சாட்சி ஒருவர்கூட கூண்டு ஏற வரமாட்டார். பந்தயம் கட்ட மூன்றாவது ஆளிடம் வாங்கிய கடன் இன்னும் மோசம்: பந்தயம் செல்லாததுதான், ஆனால் சட்டவிரோதம் ஆகிவிடாது என்ற 1959ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, கடன் கொடுத்தவர் வசூலித்துவிடுவார்.

கை துறுதுறுத்தால் மீசையைப் பந்தயம் வையுங்கள், மொட்டை போடுங்கள். வளரும். நிரப்பாத செக்கையும் நோட்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்தாயிற்றா? ஒளிக்காமல் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். செக் திரும்பி நோட்டீஸ் வந்தால், பணத்தைக் கட்ட அது கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் கெடு. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு சம்மன் வந்தபின் ஓடிவந்தால் நான் என்ன செய்ய? தயவுசெய்து அந்த 15 நாளுக்குள் வாருங்கள். திட்டமாட்டேன்.

சென்ற மாதம் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கணவர் எழுதிக் கொடுத்திருந்த நோட்டின் நகலை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், "குடும்பச் செலவுக்காக" என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது எந்தச் செலவு வக்கீலம்மா?"