பெட்ரோல் பைக்கை மின்சார வண்டியாக மாற்ற எந்த வண்டியை வாங்கலாம்?

பெட்ரோல் பைக்கில் பேட்டரியும் மோட்டாரும் பொருத்தி ஓட்ட இந்தியாவில் சட்டப்படியே வழி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016-ல் வந்த திருத்தம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பலரும் மலிவாகக் கிடைக்கிற பழைய வண்டியை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம்தான் கிட் (பேட்டரி, மோட்டார் எல்லாம் அடங்கிய மாற்றுத் தொகுப்பு) தேடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கிட், பிறகுதான் வண்டி.

காரணம், ஒப்புதல் தரப்படுவது கிட்டுக்குத்தான். தயாரிப்பாளர் அதை ஏ.ஐ.எஸ். 123 என்ற வாகனத் தொழில்துறைத் தரத்தின்படி அரசு அங்கீகரித்த மையத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. எல்லாம் அப்படிப்பட்ட மையங்கள். எந்தெந்த மாடல்களுக்கு அந்தச் சான்றிதழ் செல்லும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அதில் இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

மாடல் முடிவானதும் வண்டியைப் பார்க்கப் போகலாம். இன்ஜின் சீஸ் ஆகியிருக்கிறதா, புகை தள்ளுகிறதா என்பது உங்களுக்குப் பொருட்டே இல்லை, எப்படியும் அதைக் கழற்றத்தான் போகிறீர்கள். விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம்கூட. பார்க்க வேண்டியது ஃபிரேமில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரை. இன்ஜின் போனபிறகு வண்டியின் அடையாளமாக மிஞ்சுவது அதுதான். துருவில் அழிந்திருந்தாலோ, திரும்பக் குத்தியதுபோல் தெரிந்தாலோ, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டாலோ வாங்காதீர்கள். ஃபிரேமில் வெல்டிங் தழும்பு, வளைவு இருந்தாலும் அப்படியே.

ஆர்.சி. உயிரோடு இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும், அதன்பிறகு ஆய்வுக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான வண்டி என்றால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மாற்றம் செய்ய முடியாது. அதனால் ஹைப்போதிகேஷன் எனப்படும் அந்தக் கடன் பதிவை நீக்கி, உங்கள் பெயருக்கு மாற்றியபிறகே வேலையை ஆரம்பியுங்கள். முன்பே வேறு கிட் பொருத்திய வண்டியும் வேண்டாம்.

சரி, பொருத்துவது யார்? கிட் நிறுவனம் அங்கீகரித்த இன்ஸ்டாலர் மட்டுமே. தெரிந்த மெக்கானிக் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவர் தருகிற பில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லாது. மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் சான்றிதழ்களோடு அங்கே தெரிவித்து, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே எழுதுங்கள். பாலிசியில் பெட்ரோல் வண்டி என்றே இருந்தால், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது அதுவே சிக்கலாகிவிடும்.