விசுவாச துரோகமா, விசுவாச விலகலா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். இறந்தவர் காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்குப் பெரியப்பா முறை. அவருடைய மூத்த மகன் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிரசங்கம் செய்தவர் நடுவில் சற்று நிறுத்தி, "இந்தக் குடும்பத்திலும் ஒரு விசுவாச துரோகி உண்டு, அவருக்காகவும் ஜெபிப்போம்" என்றார். பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த அண்ணன் நிமிரவில்லை. பிறகு பாட்டு தொடங்கியபோது, பாமாலைப் புத்தகம் கையில் இல்லாமலேயே நான்கு சரணங்களையும் அடி பிசகாமல் பாடியவர் அவர் ஒருவர்தான். எங்களில் பலர் இரண்டாம் சரணத்திலேயே முணுமுணுப்புக்கு இறங்கிவிட்டோம்.

அந்தச் சொல்லை நான் கேட்பது அது முதல்முறையன்று. மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால், மொழிபெயர்ப்புகளில் 'அப்போஸ்டசி' (apostasy, ஏற்றிருந்த சமயத்தை விட்டுப்போவது) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் 'விசுவாச துரோகம்', 'மதத் துரோகம்', 'சமயத் துரோகம்' என்று மூன்று வேடங்களில் இதே துரோகத்தைச் சந்தித்துவருகிறேன். இனியும் அடித்துத் திருத்திவிட்டுப் பேசாமல் இருப்பதில் பயனில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'அப்போ' என்றால் விட்டு, அப்பால். 'ஸ்டாசிஸ்' என்றால் நிற்றல், நிலை. 'அப்போஸ்டசியா' என்பது முன்பு நின்ற இடத்தை விட்டு விலகி நிற்றல். ஆட்சியாளருக்கு எதிராகப் படையோ நகரமோ கிளம்பினாலும் கிரேக்கர் இதே சொல்லைச் சொன்னார்கள். மனைவியைத் தள்ளிவிடும்போது எழுதிக்கொடுக்கும் 'தள்ளுதற்சீட்டு' என்று மத்தேயு 5:31-இல் நாம் படிப்பதும் இதன் உறவுச் சொல்லே. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது விலகல்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலின் (ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு) வழிவந்த பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் 21:21-இல், பவுல் யூதர்களை 'மோசேயைவிட்டுப் பிரிந்துபோகும்படி' போதிப்பதாகக் குற்றம் சாட்டுகிறார்கள். 2 தெசலோனிக்கேயர் 2:3-இல் அதே கிரேக்கச் சொல் 'விசுவாச துரோகம்' ஆகிவிடுகிறது. மோசேயை விட்டால் பிரிவு, கிறிஸ்துவை விட்டால் துரோகம்! மூலத்தில் இல்லாத கோபம் தமிழில் எங்கிருந்து வந்தது? இதன் வினைச்சொல் வரும் இடங்களில் அதே மொழிபெயர்ப்பாளர்கள் நிதானமாகத்தான் இருந்திருக்கிறார்கள். கற்பாறையில் விழுந்த விதையைப் போன்றவர்கள் 'சோதனைகாலத்தில் பின்வாங்கிப்போகிறார்கள்' என்கிறது லூக்கா 8:13. 1 தீமோத்தேயு 4:1-இல் 'விசுவாசத்தை விட்டு விலகிப்போவார்கள்' என்று பச்சைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய சொல் அங்கேயே கிடக்கிறது.

'விசுவாச துரோகம்' என்ற தொடரில் கெட்டது துரோகம் மட்டுமன்று. விசுவாசம் என்ற வடசொல்லுக்குத் தமிழ்ப் பேச்சில் இரண்டு வாழ்க்கை. சர்ச்சுக்குள் அது கடவுள் மீதுள்ள நம்பிக்கை. வாசலைத் தாண்டினால் எசமான விசுவாசம், நாயின் விசுவாசம். இந்த இரண்டாவது பொருள்தான் துரோகத்தோடு இயல்பாக ஒட்டுகிறது. ஆகவே இத்தொடரைக் கேட்கிற காது, ஒருவர் ஒரு கோட்பாட்டை ஏற்க முடியாமல் போனார் என்று எடுத்துக்கொள்வதில்லை, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தார் என்று எடுத்துக்கொள்கிறது. அறிவும் மனமும் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி, சோறு போட்டவரைக் காட்டிக்கொடுத்த கதையாகிவிடுகிறது.

துரோகம் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் ஒருவர் தாமே மனமறிந்து வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் திருச்சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, குழந்தைக்காக வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். குழந்தை செய்வதெல்லாம் தண்ணீர் பட்டதும் அழுவதுதான். பதினான்கு, பதினைந்து வயதில் திடப்படுத்தல் ஆராதனையில் அந்த வாக்கைத் தன் வாயால் ஏற்கிறதே என்பார்கள். உடன் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்கும்போது, அத்தையும் சித்தப்பாவும் சேலத்திலிருந்து கேக்கோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது, 'எனக்கு இன்னும் தெளிவில்லை' என்று சொன்ன பிள்ளையை நான் கண்டதில்லை. நானும் சொல்லவில்லை.

வளர்ப்பின் வலிமையை வேதாகமமே மறைக்கவில்லை. 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து. அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்' என்பது நீதிமொழிகள் 22:6. எங்கள் வீட்டில் இது சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. நடத்தப்பட்டவன் பெரியவனாகி வேறு வழியில் போனால் அவன் அதை 'விட்டான்'. வசனத்தின் வினைச்சொல்லே அதற்குப் போதும். பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார். அடக்கம் முடிந்து அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டே, "அவன் சர்ச்சை விட்டுட்டான், அதுக்கு ஏன் அத்தனை பேருக்கு முன்னாடி அந்த வார்த்தை?" என்றார்.

தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஊர் சேலம். ஆகவே இங்கே தனித்தமிழ் அன்பர்களுக்குக் குறைவில்லை, நானும் ஓரளவு அந்தப் பக்கம்தான். அவர்களில் ஒருவர் 'நம்பிக்கை இரண்டகம்' என்ற ஆக்கத்தை எனக்கு எழுதி அனுப்பினார். வடசொற்கள் இரண்டும் போய்விட்டன, வசை மட்டும் அப்படியே இருக்கிறது. தூய்மை என்பது சொல் எங்கே பிறந்தது என்று பார்ப்பதோடு முடிந்துவிடுமானால் எனக்கு அந்தத் தூய்மை வேண்டாம். 'நெறிபிறழ்வு' என்ற மற்றோர் ஆக்கமும் அப்படித்தான்: எது நெறி என்பதை அகராதிக்காரரே தீர்மானித்துவிடுகிறார்.

'மறுதலிப்பு' என்று பெயர்க்கலாம் என்பவர்களுக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானம் பெற்றவர் கிறிஸ்தவ விசுவாசத்தை முற்றிலும் மறுப்பதையே அப்போஸ்டசி என்கிறது. துரோகம் என்ற பேச்சு அந்த வரையறையில் கிடையாது. ஆனால் மறுதலித்தல் என்றவுடன் தமிழ்க் கிறிஸ்தவருக்கு நினைவுக்கு வருவது பேதுருவும் சேவலும். இயேசுவின் சீடரான பேதுரு, சேவல் கூவுமுன் அவரைத் தெரியாது என்று பயத்தால் மூன்று முறை மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், திரும்பிவந்தார். மறுதலித்தவர் விலகாமல் இருக்கலாம். விலகியவர் யாரிடமும் எதையும் மறுதலிக்காமலே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருந்துவிடலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் வழங்கும் 'பின்மாற்றம்', ஒருநாள் திரும்புவார் என்ற எதிர்பார்ப்பை உள்ளே வைத்திருப்பதால் போதகருக்குப் பயன்படும், பொது எழுத்துக்கு உதவாது. 'துறப்பு' காவி உடுத்திவிடுகிறது. 'மதமாற்றம்' என்றால் போய்ச்சேர்ந்த மதம் எது என்று கேட்பார்கள். அண்ணன் எங்கும் போய்ச்சேரவில்லை.

ஆகவே திருச்சபை வாசகருக்கு 'விசுவாச விலகல்', பொது வாசகருக்கு 'சமய விலகல்', ஆளைக் குறிக்க 'விலகியவர்' என்பது என் முடிவு. விலகல் சப்பென்று இருக்கிறது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் குறைப்பட்டுக்கொண்டார். சப்பென்று இருப்பதே அதன் தகுதி. கட்சியிலிருந்து ஒருவர் போனால் செய்தித்தாள் 'விலகினார்' என்கிறது. துரோகி என்பது கட்சி மேடையின் சொல். அரசியல் செய்தியில் கடைப்பிடிக்கும் இந்த நாகரிகத்தைச் சமயச் செய்தியில் மட்டும் ஏன் கைவிடுகிறார்கள் என்பது விளங்கவில்லை. வெளிநாட்டுச் செய்தியில் 'மதத் துரோகத்துக்கு மரண தண்டனை' என்று தலைப்பிடுகிறார்கள். சிறையில் இருப்பவர் துரோகிதான் என்று தலைப்பே தீர்ப்பளித்த பிறகு, அதற்குக் கீழே தண்டனையின் கொடுமையைப் பற்றி எத்தனை பத்தி எழுதி என்ன?

துரோகி என்ற சொல்லை ஓர் இடத்தில் மட்டும் விட்டுவைப்பேன். 361 முதல் 363 வரை உரோமைப் பேரரசராக இருந்த ஜூலியன் கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டுப் பிறகு பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். அலெக்சாந்திரியா மக்களுக்கு எழுதிய மடலில், இருபது வயதுவரை உங்கள் வழியில் நடந்தவன் நான் என்று அவரே அமைதியாகச் சொல்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்கள் வைத்த 'அப்போஸ்டேட்' என்ற பட்டம் வசையாகவே வைக்கப்பட்டது என்பதால், தமிழிலும் வசையாகவே பெயர்க்கலாம். ஆனால் எதிரிகள் சொன்னது என்று தெரியும்படி மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நான் போட்டு அனுப்புகிறேன். அச்சாகி வரும்போது குறி இருப்பதில்லை.