சாமியோடு சண்டை போடுகிறவர்களைத் தடுக்காதீர்கள்

"நான் இன்னா பாவம் பண்ணேன் மேடம்?" காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களிடம் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று நான் கேட்டு முடிப்பதற்குள், பெரும்பாலும் அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். மனநல ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை வெறும் புலம்பல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அது தவறு என்பதை உணரச் சில ஆண்டுகள் ஆயின.

மீன் விற்றுப் பிழைக்கும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், கண்டெய்னர் லாரி மோதி மகனைப் பறிகொடுத்த நான்காவது மாதத்தில் என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்து வந்தவர், அந்த விபத்துக்குப் பின் கோயில் இருக்கும் திசையில்கூடத் திரும்புவதில்லை. துக்கம் விசாரிக்க வந்த உறவினர்கள், "சாமி சோதிக்கிறா, தாங்கிக்கோ" என்றும், "போன ஜென்மத்துக் கணக்கு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவர் காதில், மகன் சாவுக்குத் தானே காரணம் என்பதாகவே விழுந்தன. போதாக்குறைக்கு நானும் முதல் சந்திப்பிலேயே, இந்தத் துன்பம் உங்களை இன்னும் உறுதியாக்கும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுபடி வர ஒன்றரை மாதம் ஆயிற்று.

கடவுள்மீது எழும் வருத்தம் சாதாரணமானதன்று. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. கடவுள் தங்களைக் கைவிட்டுவிட்டாரோ, தங்கள்மீது அன்பற்றுப் போனாரோ என்று மறுகியவர்களிடம், உடல்நிலை, மனநிலை வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும், இறப்புக்கான அபாயம் கூடுதலாக இருந்தது. அப்படியானால் அந்த எண்ணமே எழாமல் அடக்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டுவதற்கில்லை. என் அனுபவத்தில், வெளியே சொன்னால் "அபச்சாரம்" என்று வாயை மூடிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அந்த மறுகலைத் தனியாகச் சுமப்பவர்களே அதிகம் நொறுங்குகிறார்கள்.

இதற்கு நம் பக்தி மரபு இடம் கொடுத்திருக்கிறது என்பதை, திருவொற்றியூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டே நாம் மறந்துவிடுகிறோம். அங்கே மகிழமரத்தடியில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று செய்துகொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரர், இரண்டு கண்களையும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். ஊன்றுகோலோடு நடந்து, காஞ்சியில் ஒரு கண்ணைப் பெற்று, திருவாரூரில் மற்றொன்றுக்காக நின்றபோது அவர் கெஞ்சவில்லை. உன் அடியார் இப்படித் தவிக்க, நீ மட்டும் நன்றாக வாழ்ந்து போ என்று இறைவனையே ஏசினார். தவறு தன்னுடையது என்று அறிந்தவர் அவர். தவறே செய்யாத ஒரு தாய் ஏசினால் மட்டும் நாம் ஏன் பதறுகிறோம்?

நெருக்கடிக்குப் பின் வரும் வளர்ச்சியை அளவிட 1996-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் இருவரும் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள்; அதன் ஐந்து பகுதிகளுள் ஒன்று ஆன்மிக மாற்றம். அவர்கள் வலியுறுத்துவது, வளர்ச்சி துன்பத்திலிருந்து நேரடியாக வருவதில்லை, இடிந்துபோன நம்பிக்கைகளோடு ஒருவர் மல்லுக்கட்டுவதிலிருந்தே வருகிறது என்பதை. வலியும் வளர்ச்சியும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்கக்கூடும் என்பதையும்தான். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களைப் பக்தி போதாதவர்கள் என்று எடைபோடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை என்பேன்.

ஆன்மிகத்தின் பெயரால் சிகிச்சை தள்ளிப்போவதையும் நான் அடிக்கடி காண்கிறேன். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல் ஆகியவை நீடித்தால், விரதமோ பரிகாரமோ இருக்கட்டும், கூடவே மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். இறப்புக்குப் பின் ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்க்கை முடங்கிக் கிடக்கும் அளவுக்குத் துயரம் தணியாமல் இருப்பதை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனி நோய்நிலையாகவே குறிப்பிடுகிறது. சாக வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மீன்காரம்மா இப்போது தூக்கத்துக்கு மருந்தும் எடுத்துக்கொள்கிறார். சென்ற மாதம் தானாகவே ஒரு தகவலைச் சொன்னார்: ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் குறைந்த நேரத்தில் கோயிலுக்குப் போய், தூரத்திலேயே நின்று, அம்மனைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தாராம். கும்பிடவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் போவீர்களா என்று கேட்டேன்.

"போவணும் மேடம். திட்டி முடிக்கல இன்னும்."