பஃபர்: இடையகமா, தாங்கலா?

‘பஃப்’ என்பது மெத்தென்ற ஒன்றின் மேல் அடி விழும் ஓசை. ஆங்கிலத்தில் அதிலிருந்து பிறந்த சொல் பஃபர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகளின் முனையில் மோதலை வாங்கிக்கொள்ளும் உறுப்புக்குப் பெயரானது. பின்னாளில் கணினிக்குள் வந்து, தரவை அனுப்பும் வரை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்தைக் குறித்தது.

தமிழில் கணினித் துறையினர் இடையகம் என்கிறார்கள். வேதியியலில் தாங்கல் கரைசல். இடையகம் அது எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. தாங்கல் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. நீரைத் தேக்கும் ஏரிக்கும் அந்தப் பெயருண்டு. கருவிகளும் சர்வர்களும் தங்கள் நிலையைப் பற்றி ஓயாமல் அனுப்பும் கண்காணிப்புத் தரவுக்குத் தாங்கலே பொருத்தம். இணைப்பு அறுந்தால் நாம் கேட்பது ‘எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்பதைத்தானே.

அளவீடுகளைத் திரட்டி அனுப்பும் மென்பொருளான டெலிகிராஃப் இதற்கு நேரக் கணக்கில் பதில் சொல்வதில்லை. அதன் மெட்ரிக் பஃபர் லிமிட், அதாவது தாங்கலின் கொள்ளளவு, இயல்பிருப்பாக (நாம் மாற்றாதவரை) 10,000 அளவீடுகள். 10 நொடிக்கு 200 அளவீடுகள் சேர்ந்தால், அது 500 நொடி, அதாவது எட்டரை நிமிடம்கூடத் தாங்காது. நிரம்பியதும் பழையவற்றைத் தள்ளிவிடும்; இணைப்பு அறுந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கான தடயம்தான் முதலில் போகும். 4 மணி நேரம் வேண்டுமென்றால் 2,88,000. 3 லட்சம் என்று வையுங்கள். அளவீடு ஒன்றுக்கு அரை கிலோபைட் என்று கொண்டால் 150 மெகாபைட் நினைவகம் போகும். சிறிய கருவிகளில் இதுவே கருவியை முடக்கிவிடும். நினைவகத் தாங்கல் என்பதால் மின்சாரமும் சேர்ந்து போனால் எல்லாமே போச்சு.

ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் தரவை இடையில் வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி, நேராக நேரத்தையே கேட்கிறது: ஆஃப்லைன் பஃபர் இயல்பிருப்பு 1 மணி நேரம், உச்சம் 720 மணி நேரம். இதுவே சரியான வடிவமைப்பு. இன்னொரு கண்காணிப்பு மென்பொருளான ப்ராமிதியஸ், தரவை வேறொரு சர்வருக்கு அனுப்பும் ரிமோட் ரைட் வசதியில், வட்டில் உள்ள பதிவேட்டிலிருந்து படித்து அனுப்புகிறது. மறுமுனை 2 மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால் அனுப்பாதது தொலையும்.

இணைப்பு திரும்பும்போது வேறொரு சிக்கல். எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் கொட்டினால் சர்வர் திணறும். டெலிகிராஃபில் அனுப்பும் நேரத்தைச் சற்றே முன்பின்னாக்கும் ஃப்ளஷ் ஜிட்டரின் இயல்பிருப்பு சுழியம். அதற்கு 5 நொடி கொடுத்தால் வழக்கமான அனுப்புதல் வெவ்வேறு நொடிகளில் பரவும். பெறும் பக்கம் ப்ராமிதியஸ் என்றால், பிந்தி வரும் தரவை எவ்வளவு நேரம் வரை ஏற்பது என்று சொல்லும் அவுட் ஆஃப் ஆர்டர் டைம் விண்டோவும் இயல்பாகச் சுழியம்தான். தாங்கல் 4 மணி நேரமென்றால் இந்த விண்டோவை 5 மணி நேரமாக்குங்கள். இல்லையெனில் காப்பாற்றி வைத்ததில் பெரும்பகுதியை ப்ராமிதியஸே நிராகரித்துவிடும்.