ஆட்டோபைலட் திசை தவறினால் முதலில் எதைச் சந்தேகிப்பது?

பெங்களூரின் வடபுறத்தில் ஜக்கூர் ஓடுதளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் சிறு விமானங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. நான்கு பேர் மட்டுமே அமரக்கூடிய இத்தகைய விமானங்களிலும் ஆட்டோபைலட் உண்டு. விமானி ஒரு திசையைக் குறித்துப் பொத்தானை அழுத்தினால், அது விமானத்தை அந்தத் திசையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். செல்லாதபோது "ஆட்டோபைலட் கோளாறு" என்று பதிவேட்டில் ஒரு வரி ஏறும். இக்கருவிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த வரியை நம்பிப் பெட்டியைக் கழற்றுவதற்கு முன், பிழை எப்படி நடந்துகொள்கிறது என்று விசாரிப்பதே பாதி வேலையை முடித்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆட்டோபைலட்டுக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒரு ஜைரோ அதற்குச் சொல்கிறது. மூக்கு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதை இன்னொரு கருவி சொல்கிறது. வகுத்த பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் அல்லது வானொலிக் கருவி சொல்கிறது. கணினி இவற்றை விமானி கேட்டதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரு சர்வோ மோட்டாரை இயக்க, மோட்டார் எஃகு வடத்தை இழுக்க, இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கும் மடிப்பான ஐலரான் அசைகிறது. 1914 ஜூன் 18 அன்று பாரிஸ் அருகே சேன் ஆற்றின் மேல், தொடக்ககால ஆட்டோபைலட் ஒன்றைச் செய்துகாட்டிய அமெரிக்கர் லாரன்ஸ் ஸ்பெர்ரி இரு கைகளையும் உயர்த்திக் காட்டியபடி பறந்தபோது, அவருடைய மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தும் விமானம் சமநிலை குலையவில்லை. அன்று அதைக் காத்ததும் ஜைரோக்கள் சொன்ன செய்திதான். அந்தச் செய்தி பொய்யாகிவிட்டால், பழுதே இல்லாத கணினி பொய்யை மிகத் துல்லியமாக நிறைவேற்றும்.

ஜைரோ என்பது, சுருக்கமாகச் சொன்னால், பம்பரம். வேகமாகச் சுழலும் பம்பரம் ஆடாமல் அசையாமல் நிற்பதைத்தான் பிள்ளைகள் 'பம்பரம் தூங்குகிறது' என்கிறார்கள். வேகம் குறைந்ததும் அது தலையாட்டத் தொடங்குகிறது. விமானத்தின் ஜைரோவும் அப்படியே. பழைய வகைச் சிறு விமானங்களில், எஞ்சினோடு இணைந்த வேக்குவம் பம்ப் காற்றை உறிஞ்ச, அந்தக் காற்றோட்டம் ஜைரோவின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. உறிஞ்சல் பொதுவாக 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அளவி சரியாகக் காட்டுவதாலேயே ஜைரோ நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நான் எப்போதும் செய்வது, எஞ்சினை நிறுத்திய பிறகு முகப்புப் பலகையில் காதை வைத்துக் கேட்பதுதான். நல்ல ஜைரோ பல நிமிடங்கள் மெல்லிய ஓசையுடன் சுழன்று அடங்கும். பேரிங் தேய்ந்தது கரகரத்து விரைவில் நின்றுவிடும்.

திசை காட்டும் ஜைரோவின் முள் நல்ல நிலையிலும் மெல்ல நகரும், ஏனெனில் அது விண்வெளியை ஆதாரமாகக் கொண்டு நிற்க, பூமி அதன் அடியில் மணிக்குச் சுமார் 15 டிகிரி வீதம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் எவ்வளவு பங்கு முள்ளில் தெரியும் என்பதை அட்சரேகை முடிவு செய்கிறது. பெங்களூர் இருக்கும் 13 டிகிரி வடக்கில் இது மணிக்கு ஏறத்தாழ 3.4 டிகிரி; டெல்லியில் ஏறத்தாழ 7.2 டிகிரி. ஆகவே விமானிகள் கால் மணி நேரத்திற்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்து இதைத் திருத்திக்கொள்கிறார்கள். 15 நிமிடத்தில் 3 டிகிரி வரை நகர்ந்தால் பொறுத்துக்கொள்வது வழக்கம். பெங்களூரில் ஒரு ஜைரோ அதே நேரத்தில் 10 டிகிரி நகர்ந்தால் பூமியின் மேல் பழி போட வழியில்லை. பேரிங்கையோ, தூசி அடைத்த காற்று வடிகட்டியையோ, தேய்ந்த பம்பையோதான் பார்க்க வேண்டும்.

பிழையின் போக்கு இங்கேதான் பயன்படுகிறது. எந்தத் திசையில் பறந்தாலும், எவ்வளவு நேரம் பறந்தாலும் மாறாமல் அதே 5 டிகிரி விலகல் இருந்தால், முள்ளைத் தொடக்கத்திலேயே தவறாக வைத்திருக்கிறார்கள் அல்லது திசை குறிக்கும் குமிழின் சீரமைப்பு பிசகியிருக்கிறது. நேரம் ஆக ஆக விலகல் வளர்ந்தால் ஜைரோ சோர்ந்துவிட்டது. விமானத்தின் மூக்கு நோக்கும் திசைக்கு ஏற்ப விலகல் மாறினால், அருகில் எங்கோ காந்தம் இருக்கிறது. விமானம் திசையை மையமாக வைத்து இடமும் வலமுமாகப் பாம்புபோல் நெளிந்தால், பெரும்பாலும் சர்வோவின் வடம் தளர்ந்திருக்கும்: மோட்டார் திரும்பியும் ஐலரான் உடனே அசையாததால், கணினி மேலும் திருத்துகிறது, பிறகு அளவு மீறிவிட்டதால் எதிர்ப்பக்கம் திருத்துகிறது.

நெளிவு எல்லாமே பழுதும் அன்று. தரையில் உள்ள விஓஆர் என்னும் வானொலி வழிகாட்டி நிலையத்தைப் பின்பற்றும்போது கருவி காட்டுவது கோண விலகல். 60 கடல் மைல் தொலைவில் 1 டிகிரி என்பது 1 கடல் மைல், 6 கடல் மைலில் அதே 1 டிகிரி பத்தில் ஒரு பங்குதான். நிலையத்தை நெருங்க நெருங்க முள் துடிதுடிப்பதும் ஆட்டோபைலட் அதைத் துரத்துவதும் இயல்பு. திசையைப் பிடிக்கும் முறையில் நேராகப் பறந்து, வானொலிப் பாதையைப் பிடிக்கும் முறையில் மட்டும் நிலையத்தை விட்டுத் தொலைவிலும் விமானம் அலைந்தால், சர்வோவையும் ஜைரோவையும் விட்டுவிட்டு வானொலிக் கருவியையும் அதன் இணைப்புகளையும் ஆராயலாம். பொத்தான் ஒன்றை மாற்றுவதில் சங்கிலியின் பாதி விசாரணையிலிருந்து விலகிவிடுகிறது. விமானி மைக்கை அழுத்திப் பேசும்போது மட்டும் விமானம் சாய்ந்தால் எர்த் கம்பியையோ, வானொலிக் குறுக்கீட்டைத் தடுக்கும் உறைக் கம்பியையோ பார்க்க வேண்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேக்குவம் பம்ப் பறக்கும்போது நின்றுபோவது. சாய்வைக் காட்டும் ஜைரோ உடனே விழுந்துவிடாது. பல நிமிடங்களில் மெதுவாகச் சாயும். அந்த ஜைரோவையே நம்பும் ஆட்டோபைலட், மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாத வேளையில், முள் சமமாக இருக்கும்படி விமானத்தைச் சாய்த்துக்கொண்டே போகும். விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைக் காட்டும், மின்சாரத்தால் சுழலும் திருப்பக் கருவியிலிருந்து செய்தி பெறும் ஆட்டோபைலட்டோ தொடர்ந்து இறக்கைகளைச் சமமாக வைத்திருக்கும். தம் விமானத்தில் இருப்பது இவ்விரண்டில் எது என்பதை ஒவ்வொரு விமானியும் தரையிலேயே அறிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆட்டோபைலட்டைத் துண்டித்துக் கையால் ஓட்டி, மற்ற கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காரணத்தைத் தேடுவதற்குத் தரையில் நேரம் இருக்கிறது.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு விமானம் வந்தது. வேறொரு பணிமனையில் ஆட்டோபைலட் கணினியை மாற்றியும் திசை தவறும் புகார் தீரவில்லை. இறக்கை நுனிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் வால்வ் என்னும் காந்த உணரி, அந்த விமானத்தின் திசை ஜைரோவைத் தானாகவே திருத்திக்கொண்டிருந்தது. எனவே நேரத்தோடு வளரும் பிழைக்கு இடமில்லை. நான் கணினியைச் சோதிக்கப் போனபோது மூத்த தொழில்நுட்பர் தடுத்தார். "வடக்கே சரியா இருக்குல்ல, தம்பி? வண்டியை கிழக்கே திருப்பிப் பாரு" என்றார். விமானத்தைத் தள்ளித் திருப்பினோம். வடக்கிலும் தெற்கிலும் பிழையில்லை. கிழக்கில் ஒரு பக்கம் 8 டிகிரி, மேற்கில் மறுபக்கம் 8 டிகிரி. இறக்கை நுனி மூடியைக் கழற்றினால், விளக்கை மாற்றிய யாரோ பித்தளைத் திருகாணிகளுக்குப் பதிலாக இரண்டு எஃகுத் திருகாணிகளைப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றை மேசைமேல் கிடந்த குண்டூசியருகே கொண்டுபோனதும் ஊசி வந்து ஒட்டிக்கொண்டது.

பித்தளைத் திருகாணிகளைப் போட்டு, விமானத்தை 30 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, பன்னிரண்டு திசைகளிலும் அளந்தோம். அதிகபட்சமாக மிஞ்சியது 2 டிகிரி. அதைத் திருத்த அட்டையில் எழுதித் திசைகாட்டியின் கீழே செருகினோம். கழற்றி அனுப்பப்பட்டிருந்த பழைய கணினியைத் திரும்ப வரவழைத்து அதே விமானத்தில் மீண்டும் பொருத்தினோம்.