பேரிட்டி எரர் வந்தா முதல்ல அந்த கரெக்ஷன் டிக்கை எடுத்துடுங்க

வீட்ல ஸ்டோரேஜ் சர்வர் வச்சிருக்கவங்களுக்கு சரி பண்ணிக் கொடுக்கிறதுதான் என் வேலை, அதுல அடிக்கடி காதுல விழுற ஒரு விஷயம் "பேரிட்டி செக்ல எரர் வந்துச்சு, கரெக்ட் பண்ணிட்டேன், அடுத்த மாசம் மறுபடியும் வந்துடுச்சு". கரெக்ட் பண்ணிட்டேன்னு கேட்டாலே எனக்கு பக்குனு ஆயிடும்.

ஏன்னு சொல்றேன். பேரிட்டிங்கிறது ஒரு டிஸ்க் செத்தா அதுல இருந்ததை திரும்பக் கொண்டுவர கூடுதலா எழுதி வைக்கிற கணக்கு, அந்தக் கணக்கு இன்னும் ஒத்துப்போகுதான்னு பாக்கிறதுதான் பேரிட்டி செக். நாலு டேட்டா டிஸ்க்ல ஒரே இடத்துல 1, 0, 1, 1 இருக்குன்னு வைங்க, மூணு ஒன்னு இருக்கு, அதை இரட்டைப்படை ஆக்க பேரிட்டில 1 எழுதியிருக்கும். இப்போ ரெண்டாவது டிஸ்க்ல இருந்த 0 எப்படியோ 1 ஆயிடுச்சு. கணக்கு இடிக்குதுன்னு மட்டும்தான் சிஸ்டத்துக்குத் தெரியும், எந்த டிஸ்க் தப்புன்னு ஒத்தை பேரிட்டியால சொல்லவே முடியாது. அன்ரெய்ட் (ஸ்டோரேஜ் சர்வருக்கான ஒரு ஓஎஸ்) மாதிரி சிஸ்டத்துல கரெக்ஷன் டிக் போட்டு ஓட்டினா டேட்டா டிஸ்க் எல்லாம் சரின்னு எடுத்துக்கிட்டு பேரிட்டிய 0ன்னு மாத்தி எழுதிடும். தப்பு இருந்ததுக்கான ஒரே சாட்சியும் அதோட போச்சு. லினக்ஸோட சாதா சாஃப்ட்வேர் ரெய்டுலயும் (பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து வைக்கிற முறை) செக் வேற, ரிப்பேர் வேறன்னு ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க, முதல்ல ஓட்ட வேண்டியது செக்.

அதனால மாசாமாசம் தானா ஓடுற செக்ல கரெக்ஷன ஆஃப் பண்ணி வைங்க. எரர் வந்தா ரீபூட் பண்றதுக்கு முன்னாடியே லாக் ஃபைலை சேவ் பண்ணிடுங்க, நிறைய பேர் ரீபூட் பண்ணிட்டுதான் கூப்பிடுறாங்க, அன்ரெய்ட்ல லாக் மெமரிலதான் இருக்கும், ரீபூட் பண்ணா காலி.

கரண்ட் போய் சர்வர் பட்டுனு ஆஃப் ஆகியிருந்தா கொஞ்சம் எரர் வரலாம், டேட்டா எழுதினதுக்கும் பேரிட்டி எழுதினதுக்கும் நடுவுல நின்னு போயிருக்கும். அங்க ஒரு தடவை கரெக்ட் பண்ணி, திரும்ப ஓட்டி பூஜ்யம் வந்தா விஷயம் முடிஞ்சது.

ஆஃப் ஆகவே இல்ல, ஆனா எரர் வருதுன்னா அதுதான் பயப்பட வேண்டியது. ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கிற பட்டியல்) 5, 197, 198ன்னு நம்பர் போட்ட மூணு வரியும் பாருங்க, டிஸ்க்ல கெட்டுப்போன இடங்களோட எண்ணிக்கை அது, ஏறியிருந்தா அந்த டிஸ்க் மேல சந்தேகம், முக்கியமான ஃபைலை முதல்ல வேற இடத்துக்கு காப்பி எடுத்துடுங்க. 199 (டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது வந்த எரர்) ஏறினா பெரும்பாலும் கேபிள். அந்த நம்பர் கேபிள் மாத்தினாலும் குறையாது, அதனால இன்னைக்கு எவ்வளவுன்னு குறிச்சு வச்சு இன்னும் ஏறுதான்னு மட்டும் பாருங்க.

போன தடவை ஒருத்தரோட சர்வர்ல ஸ்மார்ட் எல்லாம் சுத்தமா இருந்துச்சு, கேபிளும் மாத்திப் பார்த்துட்டார், ஒவ்வொரு மாசமும் கரெக்ட் பண்றார், ஒவ்வொரு மாசமும் வருது. நான் கரெக்ஷன் இல்லாம ரெண்டு தடவை அடுத்தடுத்து ஓட்டி, ரெண்டு லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு செக்டார் நம்பரை (டிஸ்க்ல எந்த இடத்துல எரர்ங்கிற நம்பர்) ஒவ்வொரு வரியா ஒப்பிட்டேன். சிலது ரெண்டுலயும் இருந்துச்சு, சிலது முதல் தடவை மட்டும், சிலது ரெண்டாவது தடவை மட்டும். டிஸ்க்ல நிஜமாவே தப்பா எழுதியிருந்தா எத்தனை தடவை ஓட்டினாலும் அதே நம்பர்தான் வரணும், நம்பர் மாறுதுன்னா படிக்கும்போதுதான் வழியில கெடுதுன்னு அர்த்தம். ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க விட்டோம், முதல் ரவுண்டு சுத்தம், மூணாவது ரவுண்டுல சிவப்பு வரி வந்துச்சு. ஒரு ரேம் ஸ்டிக் போயிருந்தது. அதாவது அவர் இத்தனை மாசம் கரெக்ட் பண்ணது பூரா கெட்ட ரேம் வழியா, சரியா இருந்த பேரிட்டிய தானே கெடுத்துக்கிட்டு இருந்திருக்கார், பாவம். அந்த நேரத்துல ஒரு டிஸ்க் செத்திருந்தா பேரிட்டிய வச்சு ரீபில்டு பண்ணது அங்கங்க குப்பையாத்தான் வந்திருக்கும்.

ரேம் மாத்தின பிறகு மறுபடி கரெக்ஷன் இல்லாம ரெண்டு தடவை, இப்போ ரெண்டுலயும் அதே செக்டார்கள், அப்போதான் டிக் போட்டேன். அதுக்கடுத்த ஓட்டத்துல பூஜ்யம்.

பேரிட்டி பூஜ்யம்னா ஃபைல் நல்லா இருக்குன்னு ஆகாது, அந்த ரேம் வழியா காப்பி ஆன ஃபைலும் கெட்டிருக்கலாம். டிஸ்க்ல ஃபைல் சிஸ்டம் (ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்னா ஸ்க்ரப் ஓட்டலாம், அதாவது எல்லாத்தையும் படிச்சு, கூடவே எழுதி வச்ச செக்சம்ங்கிற சரிபார்க்கும் நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாக்கலாம், அவர் டிஸ்க் எக்ஸ்எஃப்எஸ், அதுல ஃபைலுக்குள்ள இருக்கிறதுக்கு செக்சம் கிடையாது. நல்லவேளை தனியா ஒரு பேக்கப் டிஸ்க் வச்சிருந்தார், ரெண்டு பக்கமும் ஹேஷ் (ஃபைல்ல இருக்கிறதை வச்சு கணக்கிடுற அடையாள நம்பர்) எடுத்து ஒப்பிட்டோம், மூணு வீடியோ வித்தியாசமா வந்துச்சு, மூணையும் பேக்கப்ல இருந்து திருப்பிப் போட்டுட்டு வந்தேன்.