உசியாவின் நெற்றி, உங்கள் முதுகு

"இது தொழுநோய்" என்று சொன்ன பிறகு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். தோல் மருத்துவராக இத்தனை வருடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அந்த அமைதிக்குப் பிறகு பெரும்பாலானவர்கள் கேட்பது, "குணமாகுமா?" அல்லது "பிள்ளைகளுக்கு ஒட்டுமா?" எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ நோயாளிகள் பலர் அதற்கும் முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள்.

"நான் என்ன பாவம் செஞ்சேன், டாக்டரம்மா?"

நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்தான், ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவள்தான். அதனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நம் பழைய வேதாகமத்தில் குஷ்டரோகம் வருகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். மோசேக்கு விரோதமாகப் பேசிய மிரியாம். நாகமானிடம் பொய் சொல்லி வெள்ளியும் உடுப்பும் வாங்கிய கேயாசி. தூபகலசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் நுழைந்த உசியா ராஜா. மூவருக்கும் அது தண்டனையாகத்தான் வந்தது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், தன் முதுகில் உணர்ச்சியில்லாத ஒரு தேமலைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்? மறைப்பார். முழுக்கைச் சட்டை போடுவார். உபவாச ஜெபத்துக்குப் போவார். என்னிடம் வரும்போது விரல்கள் மடங்கத் தொடங்கியிருக்கும்.

இதில் உசியாவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை வாசித்தால், அவன் உண்மையில் நல்ல நிர்வாகி. 16 வயதில் பட்டத்துக்கு வந்து யூதாவை 52 வருடம் ஆண்டவன். எருசலேமில் கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமாக இருந்தான், மதிலின் மேலிருந்து அம்பும் கல்லும் எறிகிற இயந்திரங்களைக்கூடச் செய்வித்தான். பலப்பட்டதும் மனம் மேட்டிமையானது. ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபம் காட்டும் வேலையைத் தானே செய்யப் போனான். அசரியா என்ற ஆசாரியரும் அவரோடு 80 பேரும் குறுக்கே நின்று தடுத்தார்கள். அவர்கள்மேல் அவன் கோபப்பட்டு நின்றபோதே நெற்றியில் நோய் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான்.

ஒலிவமலையில் உள்ள ரஷ்ய மடம் ஒன்றின் சேகரிப்பில் 1931இல் ஒரு கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. யூதாவின் ராஜாவாகிய உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன, திறக்கக் கூடாது என்று அரமேய மொழியில் எழுதியிருக்கிறது. அவன் இறந்து பல நூற்றாண்டு கழித்து வெட்டிய கல் அது. எலும்பான பிறகும் அவனைத் திறக்காதே என்கிறார்கள்.

இப்போது மருத்துவராகச் சொல்கிறேன். உசியாவுக்கு வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. தொழுநோய் அப்படி வராது. கிருமி உடலுக்குள் போய், வெளியே தெரிவதற்குச் சராசரியாக 5 வருடம் ஆகும். சிலருக்கு 20 வருடம்கூட ஆகலாம். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். அதே வியாதி ஆட்டுமயிர் வஸ்திரத்திலும் வருகிறது, வீட்டுச் சுவரிலும் வருகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? எபிரெய மொழியில் 'சாராத்' என்ற ஒரே சொல் தோலில் வரும் பலவிதமான மாற்றங்களையும், துணியிலும் சுவரிலும் படரும் பூசணத்தையும் சேர்த்தே குறித்தது. கிரேக்கத்தில் அதை 'லெப்ரா' என்று எழுதினார்கள். செதில் செதிலாக உரியும் தோல் என்பது அதன் பொருள். நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873இல் கண்டுபிடித்த கிருமியால் வரும் நோயின் தலையில், நாம் அந்தப் பழைய சொல்லை அதன் எல்லாச் சாபங்களோடும் சேர்த்து ஏற்றி வைத்துவிட்டோம்.

சரி, சொல் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் நான் இதை எழுத வேண்டியதில்லை. வேதாகமத்தில் நோய் தண்டனையாக வருகிற இடங்களிலெல்லாம், ஏன் வந்தது என்று அங்கேயே சொல்லப்படுகிறது. தீர்க்கதரிசி சொல்கிறார், அல்லது எழுதியவர் சொல்கிறார். என் புறநோயாளிப் பிரிவில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் சபையிலும் இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா இவன் பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்றுதான் திருப்பிக் கேட்டார். அந்தக் குருடன் கண் கழுவப் போனதும் அதே சீலோவாம் குளத்துக்குத்தான். எனக்கு இது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அடுத்தவருடைய தேமலைப் பார்த்து "இது ஆண்டவருடைய தண்டனை" என்று தீர்ப்புச் சொல்கிறவர், தனக்கு உரிமையில்லாத இடத்துக்குள் தூபகலசத்தோடு போகிறார். இதைக் கோபமாகச் சொல்வது போலிருந்தால், ஆமாம், கோபம்தான். காரணம் ஒரு பெண். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். சபைப் பாடகர் குழுவில் இருந்தவர். சபைக் கணக்கைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டார். இரண்டு வருடம் கழித்து அவருக்குத் தொழுநோய் என்று வெளியே தெரிந்தபோது, பெரியவர் ஒருவர் அவர் கணவரிடம் போய், "மிரியாமுக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியும்லா?" என்று கேட்டிருக்கிறார். திருவிருந்தில் பொதுக் கிண்ணத்திலிருந்து அவர் குடிக்கக் கூடாது என்று பேச்சு வந்தது. அவர் அப்போது மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்த நோய் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். மனிதரில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. பரவுவதும், சிகிச்சை எடுக்காதவரோடு நெடுநாள் நெருங்கி இருப்பதால்தான்.

மிரியாமைச் சொன்ன அந்தப் பெரியவர் எண்ணாகமம் 12ஐ முழுதாக வாசித்திருக்கலாம். கூடவே பேசிய ஆரோனுக்கு நோய் வரவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்கு விரோதமாகப் பேசினாளோ அந்த மோசேயே உடனே அவளுக்காகக் கூப்பிட்டு ஜெபிக்கிறார். அவள் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருந்தபோது, அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் பயணம் புறப்படவே இல்லை. அந்தப் பெண்ணுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. அவர் இப்போது முழுதாகக் குணமானவர். பாடுவதில்லை.

பெருமையைப் பற்றிப் பேசும்போது என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படித்து முடித்து வந்த புதிதில் ஒரு பள்ளி ஆசிரியர் கையில் தேமலோடு வந்தார். பார்த்த உடனே படர்தாமரை என்று முடிவு கட்டி களிம்பு எழுதினேன். அடுத்த முறை வந்தபோது, "அந்த இடத்தில கொசு கடிச்சாத் தெரியல" என்றார். நான் சிரித்துக்கொண்டே களிம்பை மாற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டுப் பார்க்கிற சோதனைக்குப் பத்து விநாடி போதும். அதைச் செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. மனமேட்டிமை என்னுடையது. மடங்கியது அவருடைய விரல். நோயை வைத்து யார் பாவி என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டட்டும்.

அதனால் கவனியுங்கள். நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும் தேமல், அரிக்காது, தொட்டால் தெரியாது, அந்த இடத்தில் வியர்க்காது. கை கால் மரத்துப்போவது, செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடப்பது, சுட்ட இடம் தெரியாமல் கொப்புளம் வருவது, கண் இமை முழுதாக மூடாதது. இதில் எது இருந்தாலும் காட்டுங்கள். விரல்கள் அழுகி விழுவதாக ஒரு நம்பிக்கை இன்னும் இருக்கிறது. வேலூரில் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால் ஏற்படும் காயங்கள்தான் விரல்களைக் குறைக்கின்றன என்று காட்டினார். வலி தெரியாத கையைக் காப்பாற்றிக்கொள்ளப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆசா. மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் இந்தப் பெயரை அடிக்கடி கேட்கிறேன். ஆசா ராஜா காலில் வியாதி வந்தபோது கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான், செத்துப்போனான் என்று. அதே அதிகாரத்தின் முன்பகுதியை யாரும் சொல்வதில்லை. ஆலயப் பொக்கிஷத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவின் உதவியை விலைக்கு வாங்கினான், கண்டித்த தீர்க்கதரிசி அனானியைக் காவலில் வைத்தான். அந்த மனசு மாறாமலே நோயிலும் கிடந்தான் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு. வைத்தியர் வந்தது குற்றமாக இருந்தால், எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப் போடச் சொன்ன தீர்க்கதரிசி ஏசாயாவை என்ன சொல்வது? 15 வருட ஆயுசு என்ற வாக்கு ஏற்கெனவே கிடைத்த பிறகும் பற்றுப் போடச் சொல்கிறார்.

மாத்திரையை நிறுத்துவதற்கு இரண்டு சாதாரணக் காரணங்களும் உண்டு. ஒரு மாத்திரையால் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். இன்னொன்று, சிகிச்சையின் நடுவில் சிலருக்குத் திடீரென்று தேமல்கள் வீங்கிச் சிவக்கும், நரம்பு வலிக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி காட்டும் எதிர்வினை இது. "மாத்திரையை நம்பினேன், ஆண்டவருக்குப் பிடிக்கல" என்று ஒருவர் அழுதார். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் வந்தால், ஸ்டீராய்டு கொடுத்து நரம்பைக் காப்பாற்றலாம். தாமதித்தால் கை போய்விடும்.

நாட்டளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கை எட்டியதாக 2005 முடிவில் அறிவித்தோம். 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அந்த இலக்கு, நோயே இல்லை என்று பொருளில்லை. உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் இந்தியர்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்ற பிரிவு இருந்தது. அதை 2019இல்தான் நீக்கினார்கள். கல்யாணப் பேச்சில் அது இன்னும் நீங்கவில்லை.

கடைசியாக ஒரு அண்ணாச்சி. பலசரக்கு மொத்த வியாபாரம், காரில் வந்தார். உடம்பில் ஐந்துக்கு மேல் தேமல்கள், அப்படியென்றால் 12 மாத மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவார்கள், மாதத்துக்கு ஓர் அட்டை, முதல் நாள் மாத்திரையை அங்கேயே விழுங்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"அந்த வரிசையில என்னைப் போய் நிக்கச் சொல்றீங்களா? செலவைப் பத்தி நினைக்காதீங்க டாக்டரம்மா. வெளிநாட்டு ஊசி எதாவது எழுதுங்க."

"வெளிநாட்டிலும் இதே மாத்திரைதான் அண்ணாச்சி."

அவர் போய்விடுவார் என்று தெரிந்தது. சட்டைப்பையில் சின்னப் புதிய ஏற்பாடு ஒன்று தெரிந்ததால் நாகமானைப் பற்றிக் கேட்டேன். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடுப்பு, குஷ்டரோகம் நீங்க வேண்டும் என்று இத்தனையும் ரதத்தில் ஏற்றிக்கொண்டு வந்த சீரியப் படைத்தலைவன். தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் முழுகு என்றார். எங்கள் ஊர் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல ஆறுகள் இல்லையா என்று கோபித்துக்கொண்டு கிளம்பினான். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று வேலைக்காரர்கள் சொன்ன பிறகுதான் இறங்கினான். அவனுடைய தோலுக்கு முன்னால் அவன் இறங்க வேண்டியது ரதத்திலிருந்து.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். பத்து நாள் கழித்து சுகாதார நிலையத்திலிருந்து, அவர் பெயர் பதிவாகியிருக்கிறது என்று சொன்னார்கள். வீட்டில் எல்லாரையும் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போய், தடுப்புக்கான ஒருவேளை மாத்திரையும் கொடுக்க வைத்திருக்கிறார்.

ஏழாவது மாதம் என்னைப் பார்க்க வந்தார். காலியான அட்டைகளை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.

"ஏழு ஆச்சு டாக்டரம்மா. நாகமானுக்கு ஏழோட முடிஞ்சிருச்சே?"

"உங்களுக்குப் பன்னிரண்டு அண்ணாச்சி."

"அது சரி" என்று அட்டைகளைத் திரும்பக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த செவ்வாக்கிழமை எட்டாவது முழுக்கு. அந்த வரிசையில இப்போ எனக்கு எல்லாரையும் தெரியும்."